மைனஸ் நாற்பதில் ஒரு பிளக்

வாட்சன் லேக் மோட்டலின் பின்புறம்
ஒரே ஒரு கம்பம்.
சொருக இரண்டு துளை உண்டு,
இரண்டிலும் சொருகினால் பிரேக்கர் விழும்
என்று கிளாடிஸ் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள்.
அட்டையைப் பனி மூடியிருக்கிறது.

என் டிரெய்லரில் வாழைப்பழம்.
எட்மன்டனில் ஏற்றியது, ஒயிட்ஹார்ஸில் இறக்க வேண்டியது.
குளிர் பட்டால் கறுத்துவிடும் என்று
அதற்குத் தனி எஞ்சின், தனி வெப்பம்,
பதின்மூன்று டிகிரியில்
பிரசவ வார்டு மாதிரி ஒரு கவனிப்பு.
இழுத்துப் போகிற வண்டிக்குத்தான்
வெறும் வயர்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
அதை நான் நேரில் பார்த்தது இதில்தான்.
எஞ்சின் வயிற்றுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கம்பிச்சுருள்,
சுற்றிலும் கூலன்ட்.
சொருகிய கொஞ்ச நேரத்தில் மெல்லச் சீறும்.
பம்பரில் காதை வைத்து அதைக் கேட்டபிறகுதான்
படுக்கப் போவேன்.

இரண்டே முக்காலுக்கு எழுந்து போனேன்.
சீறல் இல்லை.
என் ஆரஞ்சு வயர் பனியில் கிடந்தது,
விறைத்து, வளைத்த வளைவு மாறாமல்.
கம்பத்தில் யாருடையதோ கறுப்பு வயர்.
அதைப் பிடித்துக்கொண்டே போனால்
அலாஸ்கா நம்பர் பிளேட், பழைய டீசல் பிக்கப்,
ஒரு கதவு மட்டும் பச்சை.

வாயில் வந்ததெல்லாம்
காதுக்கு எட்டுமுன் ஆவியாகிவிட்டது.
பிடுங்கினேன்.
சொருகினேன்.
போய்ப் படுத்தேன்.

படுத்தால்?
அவன் எஞ்சினில் ஆயில்
ஆறின களியாய்க் கெட்டிப்படுவது
என் தலைக்குள் கேட்கிறது.
மனசாட்சி என்று பெரிய பேச்செல்லாம் வேண்டாம்.
அவன் வந்து மறுபடி பிடுங்கிவிட்டானா
என்று பார்க்கத்தான் எழுந்தேன்.
பிடுங்கியிருந்தான்.

மூன்றாம் முறை
இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம்.
அவன் நீள உள்ளாடைக்கு மேல் பார்க்கா,
நான் பைஜாமாவுக்கு மேல் பார்க்கா.
இரண்டு திருடர்கள், இரண்டு போலீஸ்,
மொத்தம் இரண்டே பேர்.

"மைனஸ் நாற்பது" என்றான்.
வேறென்ன சொல்வான்.
"உங்க கணக்கா, எங்க கணக்கா?"
"இங்க ரெண்டும் ஒண்ணுதான்."

வாஸ்தவம்.
செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்
ஆளுக்கொரு படிக்கட்டில் இறங்கி வந்து
இந்த ஒரு படியில் மட்டும் தோள் இடித்துக்கொள்கின்றன.
இன்னும் ஒரு படி கீழே போனால்
திரும்பவும் வேறு வேறு.

சிரித்தால் பல் கூசியது.
ஐந்தரை வரை அவனுக்கு,
அதற்குப் பிறகு எனக்கு.
மாற்றிப் போடுவது அவன் பொறுப்பு.
கை கொடுக்கவில்லை,
கையுறையை யார் கழற்றுவது.

எட்டு மணி. இன்னும் இருட்டுதான்.
அவன் வண்டி நின்ற இடத்தில்
சக்கரத் தடம் மட்டும்.
என் வண்டி சீறிக்கொண்டிருந்தது.
முதல் திருப்பலில் முனகல்,
இரண்டாவதில் இருமல்,
மூன்றாவதில் கம்பத்தையே மறைக்கிற வெள்ளைப் புகை.
தடவித் தடவி வயரைக் கழற்றிச் சுருட்டி
பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டுக் கிளம்பினேன்.

டெஸ்லின் பாலம் தாண்டி
வெளிச்சம் வந்தபோதுதான் பார்த்தேன்.
இருக்கையில் கிடப்பது கறுப்பு வயர்.
கம்பத்தில் உறைந்த முனையைத் தொடாமல்
மறுமுனையை அப்படியே என் வண்டிக்கு மாற்றியிருக்கிறான்,
சோம்பேறி.
என் ஆரஞ்சு, பன்னிரண்டு மீட்டர், புதுசு,
எந்தத் திசையில் போகிறதோ.
இது எட்டு மீட்டர்கூடத் தேறாது.
நடுவில் ஓர் ஒட்டு.

பிளக்குக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் சுற்றி
பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறது:
டெல்மர் ஓஸ்கல்காஃப்.
அதற்குக் கீழே, இன்னும் அழுத்தி:
திருப்பித் தரவும்.