மூன்றாம் சுற்று

"படகைத் தேடாதீங்க," என்றாள் ஷெரின் ஒக்கஸ்,
"கடல் இல்லாத எதையாவது தேடுங்க."
கண் ஓடக் கூடாது. நிற்க வேண்டும்,
ஒரு விரல் தள்ளி மறுபடி நிற்க வேண்டும்.
ஆடைத் தொழிற்சாலையில்
அறுந்த தையலை நான் பிடிப்பதும் இப்படித்தான்.

புதூர் ஓடுபாதை கீழே நழுவியது.
வாழைச்சேனையில் ஆழ்கடலுக்குப் போகிற றாசிக்
ஐந்தாம் நிமிடமே பைக்குள் வாந்தி எடுத்தான்.
முகத்துவாரத்துக் கலங்கல் ஒரு கோட்டில் முடிந்தது;
பிறகு நீலம், நுரை, நீலம்.

"இரண்டு மணித் திசை!"
சரிந்து திரும்பினோம். உரப்பை.
பிழையாய்க் கத்தினால் பரவாயில்லையாம்,
கத்தாமல் விட்டால்தான் சிவப்பு வட்டம்.

காணாமல் போனவராய் நடிக்கத்
திரவியராசா அண்ணன் தோணியோடு நின்றிருந்தார்,
செம்மஞ்சள் அங்கியில்.
இரண்டு தரம் அவருக்கு மேலாகவே பறந்திருக்கிறோம்.
மூன்றாம் தரம்தான் கண்டேன், ஒரு கை.

கரையில் கேட்டதற்கு
மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"சத்தம் கேட்டதும் படங்குக்குள்ள படுத்திட்டன், தங்கச்சி.
எழும்பு எண்டு உடம்புக்குச் சொல்லவே
ரெண்டு சுத்து போயிட்டு."

ஷெரினுக்கு இருபத்தாறு வயது.
பேனையை மூடினாள், திறந்தாள்.
பிறகு பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதினாள்:
தேடப்படுகிறவர் ஒளிந்துகொள்ளவும் கூடும்.
மறுபடி சுற்றவும்.