அறுநூற்றுப் பத்தாம் சாம்பல்

டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி.
எட்டு வயதாகிறது. யு.எஸ்.பி. துளை தளர்ந்துபோய்
பால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எய்யுன் இப்போது கிரீன்லாந்துப் பக்கம்,
மீன்கப்பலின் என்ஜின் அறையில், ஆறு வாரம்.
கிளம்புகிற அன்று ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்து,
"மேலே எடுத்தது. பத்து பிட். பாரு" என்றான்.
அந்த வாரம் எங்கள் வீட்டில்
அதுதான் நீளமான பேச்சு.

முதல் இரவு சத்தம் மட்டும் வந்தது.
காற்று. கடற்பறவை.
அவன் தொண்டையைச் செருமுவது, இரண்டு தடவை.
படத்துக்குப் பதில் பச்சைக் கட்டங்கள்,
இளஞ்சிவப்புக் கீறல்கள்,
யாரோ அவசரத்தில் ஒட்டுப்போட்ட போர்வை.
பழைய சிப்.
எட்டுக்கு மேல் அதற்கு எட்டாது.

பழுது பார்க்கத் தெரிந்த ஹானுஸ் வந்தான்,
கையெல்லாம் சால்மன் தீவன வாசனை.
மடிக்கணினியில் ராத்திரி முழுக்க ஓடவிட்டு
எட்டு பிட்டுக்குப் படியெடுத்துக் கொடுத்தான்.
படியில் ஒரே படிகள்.

எங்கள் தீவில் மலைக்குத்தான் படி உண்டு.
நெருப்பு ஒவ்வொரு தடவையும் வந்து
ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனது.
ஆடுகள் அதில் ஏறும்,
ஆட்களும் ஏறுவோம்.
மூடுபனிக்குப் படி கிடையாது.
அது எங்கே தொடங்கிற்று என்று
யாரும் விரல் வைத்துச் சொன்னதில்லை.
இந்தப் படத்திலோ பனி
வளையம் வளையமாக நின்றது,
வாளியில் வற்றிய நீரின் கறை மாதிரி.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் ஹானுஸ்.
காபி குடித்தான். போனான்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
எட்டு பிட்டில் இருநூற்று ஐம்பத்தாறு நிறை.
பத்தில் ஆயிரத்து இருபத்து நாலு.
நாலு சாம்பலைக் கூட்டி உட்காரவைத்து
உங்கள் எல்லோருக்கும் இனி ஒரே பெயர்
என்று சொல்லிவிட்டது படி.
கேட்டுக்கொண்டன.

மூன்றாம் இரவு தூக்கம் இல்லை.
மூலக் கோப்பையே மறுபடி போட்டேன்.
அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில்
சிப்பை விட்டுவிடு, நீயே கணக்குப் போடு
என்று சொல்ல ஒரு வரி இருந்தது.
சொன்னேன்.

பெட்டி திணறியது. தொட்டால் சுட்டது.
மூன்று நொடிக்கு ஒரு படம்,
சத்தம் முன்னால் ஓட
படம் பின்னால் மூச்சிரைத்து வந்தது.
ஆனால் பனி பனியாக இருந்தது.
சோபாவில் சாய்ந்திருந்தவள்
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நிமிடம் ஒரு படத்தில் விக்கி நின்றது.
வலது ஓரம், வேலிக் கதவருகே
சாம்பலில் ஒரு சாம்பல்.
பனி அறுநூற்றுப் பத்து என்றால்
அது அறுநூற்று ஒன்பது.
(அளந்தது யார்? நான் வைத்த எண்தான்.)
ஆள் உயரம். தலையில் தொப்பி.
ஒரு கை பாதி தூக்கியபடி.

அந்தத் தொப்பி இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது.

அன்றைக்கு மேலே போயிருந்தேன்.
ஒன்று சொல்ல வேண்டியிருந்தது அவனிடம்.
கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தான்.
கூப்பிட வாய் திறந்தேன்,
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன்.
என்னை யாரும் பார்க்கவில்லை என்பது
இத்தனை நாள் எனக்கு ஒருவிதச் சௌகரியம்.

ஹானுஸ் எடுத்த படியில் தேடினேன்.
ஒன்பதாம் நிமிடம். வேலி இருக்கிறது,
கதவு இருக்கிறது.
அந்த இடத்தில் வெறும் வளையம்.

ஞாயிறன்று கப்பலிலிருந்து கூப்பிட்டான்.
லைனில் என்ஜின் இரைச்சல்.
"படம் ஓடுதா மார்யுன்?"
"விக்கி விக்கி ஓடுது."
"பெட்டி பழசு. வந்ததும் புதுசு வாங்கிடலாம்."
"சரி."
"முழுசும் பார்த்தியா?"

நீ பார்த்தாயா என்று
கேட்டிருக்கலாம்.
"ஒன்பது நிமிஷம்வரை" என்றேன்.

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்.
பிறகு செருமினான்,
இரண்டு தடவை.