நின்றபடி ஓடுவது

புதுவயல் அரிசி ஆலை வாசலில்
விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
பதினாறு லாரிகள்.
வண்டி நிக்குது, என்ஜின் ஓடுது என்பார்கள்.
எங்கே ஓடுது என்று யாரும் கேட்டதில்லை.
என் ஜன்னலுக்குத்தான்.

எடைமேடையில் ராத்திரி வேலை எனக்கு.
கண்ணாடி துடைத்த துணியைப் பிழிந்தால்
கண்மை கரைந்த தண்ணீர்.
டிராயரில் முத்திரைக்கு அடியில் நீல இன்ஹேலர்,
இன்னும் முப்பத்திரண்டு இழுப்பு பாக்கி.
காற்று கண்டனூர்ப் பக்கம் திரும்பினால்
எனக்கு மூச்சு லேசாகும்.
கண்டனூரில் யாருக்கோ அடைக்கும்.

மேடைக்கு ஒரு சட்டம் உண்டு:
ஏறியதும் என்ஜினை அணைக்க வேண்டும்.
இல்லாவிட்டால் சிவப்பு எண்கள் நடுங்கும்,
இருபது கிலோ கூடும், இருபது கிலோ குறையும்.
முதலாளிக்கு அது பொறுக்காது.
நுரையீரலுக்கு அப்படி நடுங்கிக் காட்டும் எண் இல்லை.

நெல்லை இறக்கிவிட்டு
காலி எடைக்கு ஏறினார் சேவுகமூர்த்தி.
'அணைக்கணுமா தங்கச்சி?'
'அணைக்கணும்ணே.'
ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிவிட்டு அணைத்தார்.
எண் நின்றது. ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது.
மறுபடி சாவியைத் திருப்பினார்.
டிக்.
டிக்.
அவ்வளவுதான்.

'பேட்டரி செத்து எட்டு மாசம்.
டீக்கு நின்னாலும் ஓடவிட்டுத்தான் குடிப்பேன்,
தூங்கினாலும் ஓடும்.
கேட்டா, டீசல் டிரிப் கணக்காம்,
பேட்டரி ஓனர் கணக்காம்.'

பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
டிரைவர்கள் இறங்கி வந்தார்கள் தள்ள.
தள்ளு என்று இவர் கத்துவது
அவர்களுக்குக் கேட்கவில்லை.
மைக்கை எடுத்தேன்:
'எல்லாரும் வண்டிய அணைங்க,
சத்தம் கேட்டாத்தான் சேர்ந்து தள்ள முடியும்.'

ஒவ்வொன்றாக அணைந்தன.
நாலு மட்டும் அணையவில்லை.
ஏன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.
அந்த நாலும் வரிசையின் கடைசியில், தூரத்தில்.

பாய்லரின் சீறல் கேட்டது.
சாக்குக்குள் நெல் சரிவது கேட்டது.
யாரோ இருமினார், விடாமல்.
அதுவரை அவர் இருமுவது எங்களுக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியாது போல,
திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தள்ளில் பிடித்துக்கொண்டது.
கரும்புகை கக்கி, தள்ளியவர்கள் மூஞ்சியிலேயே.
திட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.
அணைத்தவர்களில் ஏழு பேர்
போனதும் போட்டுவிட்டார்கள்.
மற்றவர்கள் முறை வரும்வரை போடவில்லை.
மறந்துபோனார்களா, அந்த இருமலா, கேட்கவில்லை.

எடைச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மணிக்கு ரெண்டு லிட்டர், தினம் ஆறு மணி நேரம்,
பதினோரு ராத்திரி நின்றால் ஒரு புது பேட்டரி.
கீழே முத்திரையும் குத்தினேன்,
இதுவும் எடைதான் என்று ஓனர் நினைக்கட்டும்.

வாங்கிக்கொண்டு போன சேவுகமூர்த்தி
கேட்டைத் தாண்டி ஓரங்கட்டி,
கேபின் விளக்கைப் போட்டு
சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
ரொம்ப நேரம்.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.