ஆறெழுத்துக்கு மேல்

ஹேர்னோசாண்ட் நகராட்சி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
என் வேலை எண்ணுவது:
ஆறெழுத்துக்கு மேல் நீண்ட சொற்கள் எத்தனை,
முற்றுப்புள்ளிகள் எத்தனை.
வகுத்துக் கூட்டினால் ஓர் எண் வரும்.
நாற்பது என்றால் நாளிதழ்.
அறுபதைத் தாண்டினால்
எழுதியவருக்கே மூச்சு முட்டும்.

இன்று மேசையில்,
வீட்டு உதவி கேட்பவர்களுக்கு
ஆண்டாண்டாக நாங்கள் அனுப்பிவரும் கடிதம்.
எழுபத்தொன்று.

சுவீடிஷில் சொற்கள் சரக்கு ரயில் போல
ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும்.
'இல்லை' மட்டும்
கடைசிப் பெட்டியில், தார்ப்பாய்க்கு அடியில்.

கொக்கிகளைக் கழற்றினேன்.
'மேற்கொள்ளப்பட்ட பரிசீலனையின் அடிப்படையில்' போனது.
'தற்போதைய சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு' போனது.
செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்திருந்த ஆளைக்
கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்:
நாங்கள்.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற செகாயிடம் நீட்டினேன்.
வந்து மூன்று வருடமாகிறது, மொழியும் அவ்வளவுதான்.
கையுறையைக் கழற்றாமலே படித்தார்.
"கொடுக்க மாட்டீங்க. அதானே?"
அதேதான்.
முப்பத்திரண்டு.
மதியம் கேக் வெட்டினோம்.

திங்களன்று கடிதங்கள் போயின.
புதனன்று தொலைபேசி ஓயவில்லை.
துறைத் தலைவர் தூர்பியோர்ன் கதவோரம் நின்றார்.
"எண் இறங்கிவிட்டது, குரல்கள் ஏறிவிட்டன.
கொஞ்சம் மிருதுவாக்க முடியுமா?"
மிருது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
பதினாறு எழுத்து. இருபத்திரண்டு எழுத்து.

மூன்றரை மணிக்கு, இருட்டிய பின், ஓர் அழைப்பு.
பெயர் ஆல்ஃப்ஹில்ட்.
அவர் கத்தவில்லை.
"இந்த முறை புரிந்தது, நன்றி" என்றார்.
பிறகு காகிதம் விரியும் ஒலி.
"மூன்று குளிர்காலத்துக்கு முன்பும் ஒன்று வந்தது.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றெண்ணி
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன்.
அதிலும் இதுதானா?"

படிக்கச் சொன்னேன்.
பெட்டி பெட்டியாகப் படித்தார்,
நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி.
நான், பழக்கதோஷம்,
நீண்ட சொல்லுக்கொரு கோடு
பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தேன்.
கடைசிப் பெட்டி வந்தது.

"ஆமாம்" என்றேன்.
சுவீடிஷில் அதற்கு இரண்டே எழுத்து.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

எளிய வாக்கியம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.
பதில் தேடினேன்.
வாயில் வந்ததெல்லாம்
நீளமான சொற்கள்.