கீழ் விளிம்பு

ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
ஆறு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது.
ஜாலான் ஈப்போவில் டயர் கடைக்கு மேல்மாடி.
தே ஓ பொட்டலத்தின் கழுத்தைச்
சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு
தமிழ்ப் படங்களுக்கு மலாயில் வசனம் எழுதுகிறேன்.
சாரி காத்தா என்பார்கள் அதை.
நம் சாரமும் கதையும் எப்போதோ கப்பலேறிப் போய்
பெயர் மாற்றிக்கொண்டதுபோல் இருக்கும் எனக்கு.

இந்த வாரம் குகபாலனின் முதல் படம்.
வேலை போன ஒருவன்
போகாததுபோல் தினமும் கிளம்பிப் போகிறான்.
அவ்வளவுதான் கதை.
வேலை போய்விட்டது என்று
படத்தில் ஒருவரும் ஒருமுறையும் சொல்வதில்லை.

முதல் தடவை பார்த்தபோது எரிச்சல்.
கேமரா ஏன் இடுப்புக்கு மேல் எழ மறுக்கிறது?
தலைகள் பாதி நெற்றியோடு வெட்டுப்படுகின்றன.
செந்தூல் அடுக்குமாடியில் மின்தூக்கி திறந்தால்
சப்பாத்துகள்தான் வெளியே வருகின்றன.
நான்காம் தடவைதான் உறைத்தது:
தலை குனிந்து நடப்பவனுக்கு
உலகம் இவ்வளவு உயரம்தான்.
அவன்மேல் இரக்கப்படச் சொல்லவில்லை இயக்குநர்.
நம் பிடரியைப் பிடித்துக்
குனிய வைத்திருக்கிறார்.

இன்னொன்று,
யார் எதைக் கேட்டாலும் காட்சி வெட்டுப்படுகிறது.
பதில் வரவேண்டிய இடத்தில்
மழை, எல்ஆர்டி, நிரம்பி வழியும் வாளி.
எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

மனைவி மூன்றுமுறை கேட்கிறாள்,
'பசியாறிட்டீங்களா?'
அதே மேசை, அதே பச்சை விரிப்பு, அதே லென்ஸ்.
முதல்முறை கேமரா மேசையோடு ஒட்டி.
அடுத்தமுறை இரண்டடி தள்ளி.
மூன்றாம்முறை கதவுக்கு வெளியே போய்விடுகிறது,
நிலைச்சட்டத்தின் இடுக்கில் இரண்டு பேர்.
முதல் கேள்வி சோற்றைப் பற்றியது.
இரண்டாவது, ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்பது.
மூன்றாவது கேள்வியே இல்லை.
குரல் மாறவில்லை, சொல் மாறவில்லை.
தூரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார் மனிதர்.

டா மாக்கான்? என்று எழுதினேன்.
டா மாக்கான்? டா மாக்கான்?
சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறது அது.
பசி வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம்:
மூன்றாவது காட்சியில்
அவன் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்த தூக்குச்சட்டியை
அவள் விரல்கள் லேசாகத் தூக்கி
கனம் பார்த்துக் கீழே வைக்கின்றன.
சட்டகத்தின் அடி விளிம்பில், நகமளவு,
நான்கு விநாடி.
படமே அதற்காகத்தான் இத்தனை நேரம் குனிந்திருந்தது.
என் வெள்ளை எழுத்துகள்
சரியாக அங்கே வந்து உட்காருகின்றன.

மேலே ஏற்றினால்
அவனுக்கு மிஞ்சிய பாதி முகமும் போகிறது.
சிறிதாக்கினால் படிக்க முடியாது.
இரவு ஒன்பது மணிக்கு அழித்தேன்.

ஹஸ்லிண்டா காலையில் கூப்பிட்டாள்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி காலி, மறந்துவிட்டாயா?
மறக்கவில்லை என்றேன்.
பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாதே.
இரண்டுமுறை கேட்டிருக்கிறார் அல்லவா,
மூன்றாவதை அவரே படித்துக்கொள்வார்.
அவள் காட்சியை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.
திரும்பவும் ஓட்டினாள்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
'அந்தத் தூக்குச்சட்டி' என்றாள்.
உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு,
விதி விதிதான்,
மூன்று மணிக்குள் ஏதாவது போட்டு அனுப்பு என்றாள்.

இப்போது இரண்டு நாற்பது.
கீழே எந்த லாரிக்கோ காற்றடிக்கிறார்கள்.
தே ஓ முழுக்க ஐஸ் கரைந்து வெளுத்துவிட்டது.
காலி வரியில் கர்சர்
சிமிட்டிக்கொண்டே நிற்கிறது.
நான் இன்னும் பசியாறவில்லை.