பல் தெரிய

வாயை மூடிச் சிரித்ததுதான்
என் எல்லாப் படத்திலும்:
பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட்டில்,
கல்யாண ஆல்பத்தின் நாற்பது பக்கத்திலும்.
அதனால் பார்த்து வரைய ஒரு போட்டோ கிடைக்கவில்லை.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஸ்டூடியோவில் எனக்கு வேலை டச்-அப்.
பரு எடுப்பேன். பொட்டை நேராக்குவேன்.
பல்லை வெள்ளையாக்க
மவுஸை நான்கு முறை தேய்த்தால் போதும்.
மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமென்றால் ஆறு.
இந்தத் தாலுகாவில் எத்தனை வாயைக் கழுவினேன் என்று
கணக்கு வைத்ததில்லை.

வரையக் கற்றதும் அங்கேதான், யாரும் சொல்லித்தராமல்.
ஒரு முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால்
அதில் முகம் இருக்காது.
சதுரம் சதுரமாக நிறம் மட்டும்.
மூக்கு என்று ஒன்று கிடையாது,
நிழல் முடிகிற இடம்தான் அது.

கண்ணாடியை அரிசி டிரம்மேல் சாய்த்துப்
பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன்.
கண் இரண்டே நாளில் வந்துவிட்டது.
புருவத் தழும்பு, கம்மல் இழுத்த காது
எல்லாம் சொன்ன பேச்சு கேட்டன.
வாய்க்கு வந்தபோது
கை தானாக எழுந்து உதட்டை மூடியது,
தூரிகையோடு.
மீசை மாதிரி ஒரு பச்சைத் தீற்றல்.

தாடை வலிக்கத் திறந்து வைத்துப் பார்த்தேன்.
பழுப்பு என்று நினைத்திருந்தேன். பழுப்பு இல்லை.
ஓரத்தில் புளியங்கொட்டைத் தோல்,
நடுவில் வெள்ளையடித்த சுவரின் மங்கல்,
குறுக்கே கோடு கோடாக,
கிணற்றில் தண்ணீர் இறங்கிய வருஷங்கள் மாதிரி.
மூன்று வயதில் குடித்தது
ஏழு வயதில் முளைத்தது.
வாங்கிய டியூப் எதிலும் அந்த நிறம் இல்லை.
டீ டிகாஷன் கொஞ்சம் சேர்த்தேன்.

முதலாளி தணிகாசலம் பார்த்துவிட்டு
"அப்படியே இருக்கு.
பல்லை மட்டும் டச் பண்ணிடலாமா?" என்றார்.
கெட்டவரில்லை. பழக்கம்.
மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தது அவர்தான்.

வியாழக்கிழமை ஒருவர் வந்தார்,
பாஸ்போர்ட் சைஸ், எட்டுக் காப்பி.
பிரிண்ட் வரும்வரை சுவர்ப்பக்கம் நின்றார்.
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நீயா என்று கேட்கவில்லை.
நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை.
"எந்த ஊரு போரும்மா?" என்றார்.
சொன்னேன்.
"மாதேஸ்வரன் கோயில் பின்னாடி, கைபம்பு?"
"அதேதான்."
துண்டை இறக்கி அவர் வாயைக் காட்டினார்.
என்னுடையதைவிட இரண்டு கோடு அதிகம்.

காப்பிகளை எண்ணிக் கவரில் போட்டேன்.
எட்டிலும் வாய் மூடியிருந்தது.
நாற்பது ரூபாய்.
ஐம்பது கொடுத்தார்,
மீதியை நீட்டிக்கொண்டு நான் நிற்க
சுவரையே பார்த்துக்கொண்டு அவர்.