மரத்த சுண்டுவிரல்

ஹனோவர். ஜனவரி. நாலரைக்கே இருட்டிவிட்டது.
நிலவறையில் நுண்ணோக்கி
தன் மின்விசிறியோடு முனகிக்கொண்டிருக்கிறது.
வீப்கே ஹார்ம்ஸ் கையுறை மாட்டுகிறாள்.
இடக்கைச் சுண்டுவிரல் மட்டும்
உறைக்குள் போனதா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

செப்டம்பரில் உடைந்தது ஒரு வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
மணிக்கட்டில் பதினோரு தையல்.
நரம்பைச் சேர்த்துவிட்டோம், இனி அது
நடந்து வரவேண்டும் என்றார்கள்,
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
அதற்கு ஞாயிறு விடுமுறை உண்டா என்று கேட்டாள்.
மருத்துவர் சிரிக்கவில்லை.

கண்ணாடித் தட்டில் ஷ்வான் செல்கள்,
எலியின் இடுப்பு நரம்பிலிருந்து பிரித்தவை.
கம்பிக்கு உறை போடுவது அவற்றின் தொழில்.
கம்பி அறுந்தால் வேறு தொழில்:
கிழிசலைத் தின்று, வழி கூட்டி, வரிசையாய் நின்று
வருகிறவனுக்கு இப்படி, இப்படி என்று கை காட்டுவது.
இங்கே கம்பியும் இல்லை, வருகிறவனும் இல்லை.
இருந்தும் ஒன்றையொன்று தொட்டு
வரிசை கட்டியிருக்கின்றன.

ஒவ்வொன்றின் உட்கருவிலும் பச்சை வெளிச்சம்.
வளர்ச்சிக் காரணிப் புரதம்.
ஜெல்லிமீனின் ஒளியை அதன் வாலில் கட்டி
போன வாரம் உள்ளே விட்டாள்.
பாடப்புத்தகத்தில் இது கடிதம் சுமப்பது,
ஒரு செல்லை விட்டு வெளியேறி இன்னொன்றின் கதவைத் தட்டுவது.
தபால்காரன் தன் வீட்டுப் பரணில்
என்ன தேடுகிறான்?

ஒரே மரபணுதான்.
வழக்கமான முதலெழுத்தில் வாசிக்கத் தொடங்கினால் குட்டை.
கொஞ்சம் முன்னாலேயே,
தொடக்கம் என்று யாரும் நம்பாத ஓரெழுத்தில்
தொடங்கினால் நெட்டை.
கருவுக்கு முன்னால் 'உள்' சேர்வதுபோல,
முன்னால் ஒட்டிய துண்டுதான்
உள்ளே இழுத்துப் போகிறது.
போகிற அவசரத்தில் நம் ளகரம் டகரமாகிவிடுகிறது.
புரதத்தில் என்ன மாறுகிறதென்று
வீப்கேயின் குழுத்தலைவருக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள மூன்றாண்டு நிதி கேட்டிருக்கிறார்.

முதல் தட்டு, குட்டை.
லேசரால் உட்கருவின் நடுவே
ஒரு வட்டத்தைச் சுட்டு அணைக்கிறாள்.
பச்சையில் கறுப்பாய் ஒரு துளை.
ஒன்று, இரண்டு,
நாலு பக்கமிருந்தும் பச்சை வழிந்து
ஏழில் மூடிவிட்டது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
உள்ளே யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டாம் தட்டு, நெட்டை.
சுட்டாள். இருபது. நாற்பது.
ஓரங்கள் மட்டும் மங்கலாய்ப் பச்சை பிடிக்கின்றன.
நடு அப்படியே.
குரோமோசோமின் இழையைப் பற்றிக்கொண்டு
அசையமாட்டேன் என்கிறதா?
திரையின் வரைபடத்தில் கோடு
பாதி ஏறிப் படுத்துவிடுகிறது.

காத்திருக்கும் நேரத்தில் கையுறையைக் கழற்றுகிறாள்.
உள்ளங்கை ஓரத்தில் நீல மைக் கோடுகள்,
ஞாயிறுக்கு ஒன்று.
பேனாவின் பின்முனையால் தட்டிக்கொண்டே போகிறாள்.
எங்கே சுரீரென்று ஒரு மின் எறும்பு ஓடுகிறதோ
அங்கே நிற்கிறது நரம்பின் நுனி.
போன வாரம் விரலின் அடிவரை.
இன்றும் அடிவரைதான்.

உணர்விழந்ததை மரத்துப்போனது என்கிறோம்.
தெருவில் லிண்டன் மரம்
இலையில்லாமல், தோளெல்லாம் பனியோடு.
அது வளரவில்லை என்று
எதை வைத்துச் சொல்வது?

தியார்க் தலையை நீட்டுகிறான்:
பத்தரை டிராம் போய்விடும், இயந்திரத்தை அணைக்கவா?
வேண்டாம், ஓடட்டும்.
நெட்டையின் இருட்டைக் காலையில் பார்க்கலாம்.

டிராமின் ஜன்னல் கண்ணாடியில்
சுண்டுவிரலை வைக்கிறாள்.
லைனே ஆற்றுப் பாலத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது.
விரலின் அடியில், கோட்டுக்கு அந்தப் பக்கம்,
குளிரா சூடா என்று சொல்லத் தெரியவில்லை.
குறிப்பேட்டை மடியில் வைத்துத் தேதி போடுகிறாள்.
மணி: 22.41.
இடம்: முதல் கணு.
கண்டது: ஏதோ.